டையா? பஞ்சா?

போன வாரம் என் மகள் கோமுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்பு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்ட வேண்டும் — அதுதான் எங்கள் ஊர் நுழைவுத் தேர்வு. கோமுவின் கை எட்டவில்லை. தலையை நன்றாகச் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாஸ்!

ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "உங்க அப்பா என்ன வேலை பாக்காக?" என்று கேட்டார்.

"பஞ்சு."

"அம்மா?"

"டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க எம்.எஸ்சி. பாட்டனியில்லா சார்? ஜின்னிங் பேக்டரியில கிளார்க்கா இருக்கீக? வேற ஒண்ணும் கிடைக்கலியோ?"

கிடைத்தது. அதுதானே பிரச்னை! ஒரு வேலையும் கிடைக்காதவன் பேசாமல் தூங்கலாம். ஒரே வாரத்தில் இரண்டு கிடைத்தவன் பாடு இருக்கிறதே...

நாலு வருஷத்துக்கு முந்தி, எழுபதுகளின் கடைசி அது. நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி சரசு டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். அரசாங்கம் யாரைக் கூப்பிடும்? அவளைக் கூப்பிட்டது. திருவேங்கடத்தில் ஸ்கூல். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். கோமுவுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. சங்கரன்கோவில் வீட்டில் பகல் முழுக்க அவளும் நானும்தான்.

பருப்புச் சோறு பிசைந்தது நான். பின்கட்டில் துணி அலசியது நான். பால்காரர் தினமும் என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் இல்லையா சார்?" என்பார். எதிரே முழு ஆளாக நிற்கிறேன். கையில் செம்பு, இடுப்பில் பிள்ளை. "யாரும் இல்லை" என்று சொல்லிப் பாலை வாங்கிக்கொள்வேன். வேறு என்ன சொல்வது?

அப்போதுதான் மெட்ராஸ் மருந்து கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவ்! கழுத்தில் டை, கையில் தோல் பை, கம்பெனி கொடுக்கும் மோட்டார் பைக். நாகர்கோவில் முதல் ராஜபாளையம் வரை சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம் — மழை வராமல் இருந்தால். போஸ்ட்மேன் ஆர்டரைக் கொடுத்துவிட்டு உடனே போய்விடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "யோசிக்காதீங்க சார், சேர்ந்துருங்க" என்று அபிப்பிராயமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே வாரம், பருத்தியில் கொட்டையை நீக்கிப் பஞ்சு எடுக்கும் ஜின்னிங் பேக்டரியின் முதலாளி சுப்பையா அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். கிளார்க் வேலை. ரெப் சம்பளத்தில் பாதி. பருத்தி வண்டிகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். டை கிடையாது, தும்மல் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

டையா, பஞ்சா? தெருவே என் வீட்டு விவகாரத்தில் இறங்கிவிட்டது. டீக்கடை, சலூன், ரேஷன் கடைக் க்யூ... எல்லா இடத்திலும் டைதான் ஜெயித்தது.

சேதி கேட்டு இளையரசனேந்தலிலிருந்து என் மாமனார் வந்து இறங்கினார். மானாவாரி விவசாயி. வரும் வழியில் கோவில்பட்டியில் ஒரு டை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். நல்ல சிவப்பு. அதை எப்படி முடிச்சுப் போடுவது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் மாடு வைத்திருப்பவர். தெரிந்த முடிச்சைப் போட்டுவிட்டார்.

கோமு வந்தாள். பார்த்தாள். தொங்கிய நுனியைப் பிடித்தாள். "ம்மா... ம்மா..." என்று என்னை இழுத்துக்கொண்டு வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள்! பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோனது. தறிக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். முடிச்சு இழுக்க இழுக்க இறுகுகிற ஜாதி. பின்னாலேயே போவதைத் தவிர எனக்கு வழியில்லை.

ஒருவழியாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தோம். மாமனார் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"மாப்ளே, இதுல யோசிக்க என்ன இருக்கு? பைக்கு குடுக்கான், பை குடுக்கான். கண்ண மூடிட்டுச் சேர்ந்துருங்க. நம்ம சரசுவும் இனி பஸ்ல இடிபட வேண்டாம். நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

ஓரமாக உட்கார்ந்து பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள் சரசு. சிவப்பு மை பேனா நின்றது.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். எனக்கு ஆர்டர் வந்த அன்னைக்கு, 'பிள்ளைய யாரு பாப்பா?'ன்னு கேக்காத ஆளு கிடையாது. நீங்களும் கேட்டீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த, பேரு தெரியாத அம்மாகூடக் கேட்டா. இப்ப இவுகளுக்கு ரெண்டு வேலை வந்திருக்கு. ஒருத்தர்கூட அதக் கேக்கலியே... ஏம்ப்பா?"

மாமனார் மோரைக் குடித்தார். மோர் தீர்ந்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

பிறகு வீராப்பாக, "இது ஒரு கேள்வியாட்டி? நான் பாத்துக்கிடுதேன். பிள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"சரிப்பா. நாளைக்கு ஒரு நாள் இங்கனயே வச்சுப் பாருங்க" என்றாள் டீச்சர்.

மறுநாள் அவள் ஸ்கூலுக்குப் போனாள். நான் வேண்டுமென்றே வெளியே கிளம்பிப் போய், மதியம் திரும்பினேன். மாமனார் கூடத்தில் நாலு காலில் நின்றிருந்தார். மீசையில் பருப்புச் சோறு. மூக்குக் கண்ணாடி தண்ணீர்க் குடத்துக்குள். முதுகில் கோமு, "ஹை... ஹை..." என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் கிளம்பிவிட்டார். "காட்டுல வேலை கெடக்கு மாப்ளே."

அது மழையே பெய்யாத வருஷம். காட்டில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது சரசு சொன்னாள்: "நீங்க டை கட்டணும்னா நான் வேலைய விடணும். மாட்டேன்னு சொல்லல. ஆனா 'விடு'ன்னு நீங்க சொல்லணும். ஊரு சொல்லி நான் விடமாட்டேன்."

அவளைப் பார்த்தேன். முடியில் இன்னும் சாக்பீஸ் தூள். திருவேங்கடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதை நடித்துக் காட்டித்தான் அவள் கோமுவுக்குச் சோறு ஊட்டுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே... "விடு" என்பது இரண்டே எழுத்து. என் வாயில் வரவில்லை.

சரி, பஞ்சுதான் என்று முடிவானது. ஆனால் நடந்து போகிற தூரம் என்றாலும், வேலைக்குப் போகிற ஆள் போய்த்தானே ஆக வேண்டும்? பிள்ளையை யார் பார்ப்பது? சரசுவின் கேள்வி அப்படியே உட்கார்ந்திருந்தது.

கோமுவைத் தூக்கிக்கொண்டே அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். வேறு என்ன செய்ய?

"என்ன வே, வேலைக்கு வருதவரு பிள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கீரு?" என்றார் அண்ணாச்சி.

"வீட்ல யாரும் இல்ல அண்ணாச்சி."

வாய் தவறிப் பால்காரர் வசனம் வந்துவிட்டது. அண்ணாச்சி என் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கோமுவை இறக்கிவிட்டு ஒரு சீட்டு எழுதினேன். நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணோம்.

மேஜைக்கு அடியில் இல்லை. வாசலில் இல்லை. பக்கத்துக் கொட்டகையில் மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. இப்போது வேறு எதுவுமே காதில் விழவில்லை. பல் வைத்த உருளைகள், பெல்ட்டுகள்... "கோமு!" என்று கத்துகிறேன்; அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"மிஷின நிறுத்துங்கலே!" — அண்ணாச்சி போட்ட சத்தம் சிவகிரிக்கே கேட்டிருக்கும்.

எல்லாம் நின்றன. பஞ்சில் தூசி பொறுக்குகிற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பருத்திச் சாக்கு அடுக்குகளை நகர்த்திப் பார்த்தார்கள். ஒருவர் கிணற்றடிக்கு ஓடினார். அதைப் பார்த்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அமைதியில்... பஞ்சுக் குவியல் தும்மியது.

எல்லோரும் திரும்பினோம். குவியல் இன்னொரு முறை தும்மியது. மேலாக ஒரு ஓட்டை விழுந்து, புருவம் உட்பட முழுக்க வெள்ளையாக, ஒரு குட்டிக் கிழவி வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, "ப்பா... மெத்த!" என்றாள்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டதில் பாதிப் பஞ்சு என் மேலே.

அண்ணாச்சி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வேலை உமக்குத்தான் வே. ஆனா பிள்ளை இங்கன வரப்படாது. வந்தா எனக்கு நெஞ்சு நின்னுரும்."

நியாயம்தான். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மதில் ஓரம், வேப்பமரத்தடி. ஓலைத் தட்டி கட்டிய இடம். இரண்டு சேலைத் தொட்டில்கள். மண்ணில் விளையாடுகிற நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள். நடுவில் ஒரு அம்மாள். தூசி பொறுக்குகிற பெண்கள் தங்கள் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த மாடத்தி அக்கா.

திரும்பி உள்ளே போனேன். "அண்ணாச்சி, எம்பிள்ளையும் அங்கன இருக்கட்டுமா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆபீஸ் கிளார்க் பிள்ளையா? கூலிக்காரங்க பிள்ளைகளோடயா? ஊரு என்ன வே சொல்லும்?"

"ஊரு ஏற்கெனவே நிறையச் சொல்லியாச்சு அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்."

மாடத்தி அக்காவிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடுப்புலயே வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன், பாத்துக்கோங்க. விழுந்தா எந்திரிக்கட்டும். சம்மதமா?"

சம்மதம். மருந்து கம்பெனிக்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிப் போட்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று கோமுவை வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டேன். அழுவாள், சமாதானப்படுத்தலாம் என்று சட்டைப்பையில் பிஸ்கட் எல்லாம் வைத்திருந்தேன். அவளோ ஒரு பையன் கையிலிருந்த தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்தாள்; ஓடிவிட்டாள். டாட்டாகூட இல்லை.

ஆபீசில் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சீட்டு எழுதுவது, எழுந்து மதில் பக்கம் போய் எட்டிப் பார்ப்பது, வந்து உட்காருவது. மறுபடியும் ஒரு சீட்டு. மறுபடியும் மதில். கடைசியில் மாடத்தி அக்கா அங்கிருந்தே, "சாரு, பிள்ளை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் படுத்துதீக!" என்று சத்தம் போட்டார்.

மிஷின் சத்தத்தில் அது அண்ணாச்சி காதில் விழவில்லை; கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"இந்த வயசுலயே இப்படி அடிக்கடி எந்திரிச்சுப் போறீரே... சுகரா வே?"

பிள்ளை ஞாபகம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

இன்றுவரை அந்த ஆபீசில் எனக்கு மட்டும் சீனி போடாத டீதான் வருகிறது.