விட்டில் பூச்சிக்கு ஒரு ஐஸ் பெட்டி

அரியலூரில் எங்கள் வீடு, சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி, செடிகளின் மேல் மாவு சலித்த மாதிரி படிந்து கிடக்கும். காலையில் அதைக் கழுவிவிட்டுத்தான் நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புவேன். ஒருநாள் எலுமிச்சைக் கன்று மொட்டையாக நின்றது. குனிந்து பார்த்தால், காக்கை எச்சம் போலவே வேஷம் போட்டுக்கொண்டு ஒரு புழு. மருந்தடிக்கப் போனவள், அது என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று விட்டுவிட்டேன். அது பட்டாம்பூச்சி ஆனது. அதோடு நான் கெட்டேன். புழுக்கள் தின்னட்டும் என்றே நந்தியாவட்டை வைத்தேன், அரளி வைத்தேன், காம்பவுண்டு ஓரத்தில் தானாக முளைத்த எருக்கைப் பிடுங்க விடாமல் சண்டை போட்டேன்.

என் மாமனாருக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. செந்துறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"செடின்னா பூக்கணும். நம்ம வூட்டுச் செடி புழுக்குது."

எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது முறத்தில் நாலைந்து புழுக்களைக் கொண்டுவந்து நீட்டுவார். "உங்க வூட்டுப் புள்ளைங்க ரோட்டத் தாண்டி வந்துட்டாங்க. எடுத்துக்க."

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் என்னைப் போலக் கெட்டுப்போனவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். விடுமுறை நாட்களில் ஏரிக்கரையிலும் ஓடைப் பக்கத்திலும் சுற்றி, எந்தப் பட்டாம்பூச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பதுதான் வேலை. நானும் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குழுவில் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் பெண் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒருநாள், "உங்க தோட்டத்துக்கு ராத்திரிப் பூச்சி என்ன வருதுன்னு பாத்துடுவோமா? ஒரு வெள்ளைத் துணியும் ஒரு லைட்டும் போதும்," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. மாமனார் அப்போதுதான் நெஞ்சுவலியென்று திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். தெருவே ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. வெள்ளைத் துணி என்று தேடியபோது அவருடைய எட்டு முழ வேட்டிதான் அகப்பட்டது.

"என் வேட்டியக் கட்டி என்னத்தம்மா புடிக்கப் போறீங்க?"

"புடிக்க மாட்டோம் மாமா. வந்து உக்காரும், பாத்துட்டு வுட்டுடுவோம்."

வாசலில் வேட்டியை இழுத்துக் கட்டி, அதன் முன்னால் பெரிய விளக்கைத் தொங்கவிட்டோம். குழுவிலிருந்து பத்துப் பேர் போல வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கிப் போட்டோம். சத்தம் போடக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதால், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றோம். துணிக்குப் பின்பக்கமும் பூச்சி உட்காருமாம். அங்கே ஒரு ஆள் வேண்டும் என்றதும், சும்மா உட்கார்ந்திருக்கும் மாமனாரை நாற்காலியோடு பின்னால் அனுப்பிவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு பஸ் இறங்கி வந்திருக்கிறார். தெருமுனையில் நின்றபடியே பார்த்திருக்கிறார். வெள்ளைத் துணி. பளீரென்று விளக்கு. நாற்காலிகள். வரிசையாக பைக்குகள். கை கட்டி நிற்கும் ஆட்கள். கண்ணில் தூசி விழுந்து முந்தானையால் துடைத்துக்கொண்டு நிற்கும் நான். மாமனாரைக் காணோம்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? கையில் அம்மன் பிரசாதத்தோடு துக்க வீட்டுப் பக்கம் வரக் கூடாதென்று அக்கா அப்படியே திரும்பி, அடுத்த தெருவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டு, பாவம் நான் ஒற்றையாளாகத் தவிப்பேனே என்று, தன்னால் முடிந்த உதவியெல்லாம் போனிலேயே செய்துவிட்டார். செந்துறையில் இருக்கும் மாமனாரின் தங்கைக்குச் சொன்னார். ஆலையில் ஷிப்டில் இருந்த என் கணவருக்குச் சொல்லியனுப்பினார். ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு எதுவும் தெரியாது. விட்டில்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார ஆரம்பித்திருந்தன. திடீரென்று தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. மாமனாரின் தங்கை ரோஜா மாலையோடு இறங்கி, "என்னப் பெத்த அண்ணே, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். நேராக வேட்டியின் முன்னால் வந்து விழுந்தார். உட்கார்ந்திருந்த விட்டில்கள் அத்தனையும் எழும்பின.

துணிக்குப் பின்னாலிருந்து கடைசி சீட்டுக்குக் கேட்கும் குரலில், "ஏய், சத்தம் போடாத. பூச்சி பறந்துடும்," என்றார் மாமனார்.

தங்கையின் அழுகை வாயிலேயே நின்றுவிட்டது. துணியில் அண்ணனின் நிழல் எழுந்தது. பிறகு அண்ணனே பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா என் காலைக் கட்டிக்கொண்டார்.

"யாரு செத்தா?" என்றார் மாமனார்.

"நீதான்."

"நானா? யாரு சொன்னா?"

அவர் அதிர்ந்துவிடுவாரோ, நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் நாற்காலியை முன்பக்கம் இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்து, "வேற யாரெல்லாம் வராங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தவர் அவரேதான். "நான்தான்டா பேசுறேன், அப்பா," என்றார். அந்தப் பக்கம் என் கணவர். போன் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டதாம்.

அடுத்து ஐஸ் பெட்டி வண்டி ஹெட்லைட்டோடு தெருவுக்குள் நுழைந்தது. வேட்டியில் மிச்சமிருந்த பூச்சிகளும் ஹெட்லைட்டுக்குப் போய்விட்டன. "அண்ணா, லைட்ட மட்டும் அணைச்சிடாதீங்க!" என்று தாவரவியல் பெண் வண்டியை நோக்கி ஓடினார். டிரைவர் இறங்கிப் பின்பக்கம் போய், பழக்கப்பட்ட கையோடு பெட்டியை இறக்கி வாசலில் வைத்துவிட்டார்.

"பாடி எங்கம்மா?"

"நான்தான்," என்றார் மாமனார்.

"ஐயா, துக்க வூட்ல விளையாடக் கூடாதுங்க."

விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். முகம் மட்டும் தெளியவில்லை. "எல்லாம் சரிங்க. பெட்டிய இறக்கிட்டா வெறுமனே ஏத்திட்டுப் போகக் கூடாது. வண்டிக்கு ஆவாது. போன தடவ அப்பிடிப் போயித்தான் உடையார்பாளையத்துல டயரு வெடிச்சிச்சு."

"அதுக்கு நான் உள்ள படுக்கணுமா?" என்றார் மாமனார். கேட்ட விதத்தைப் பார்த்தால், கொஞ்சம் வற்புறுத்தினால் படுத்துவிடுவார் போலிருந்தது. அவர் தங்கை மறுபடி அழத் தொடங்கினார்.

அப்போது தாவரவியல் பெண் கீழே குனிந்து எதையோ எடுத்தார். மாமனாரின் தங்கை ஓடி வந்தபோது காலில் மிதிபட்ட ஒரு சின்னப் பழுப்பு விட்டில். உண்மையிலேயே வருத்தப்பட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் அதைப் பார்த்தார்.

"அது செத்துடுச்சுங்களா?"

"ம்."

"அப்ப அது போதுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து விட்டிலை உள்ளே நடுவில் வைத்தார்கள். டிரைவர் ஒயரை எங்கள் வராந்தா பிளக்கில் மாட்ட, பெட்டி உறுமிக்கொண்டு குளிர ஆரம்பித்தது. வந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, உயிரோடு இருப்பவருக்கும் போட முடியாது என்று மாமனாரின் தங்கை அதைக் கண்ணாடி மூடியின் மேல் வைத்தார். வைக்கும்போது பழக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே சமயம் பச்சையும் இளஞ்சிவப்புமாக, மிலிட்டரி உடுப்புப் போட்டது போல ஒரு பெரிய அந்துப்பூச்சி சுற்றிச் சுற்றி வந்து மாமனாரின் பனியன் மேல், நெஞ்சுக்கு நேராக உட்கார்ந்தது. அரளியிலும் நந்தியாவட்டையிலும் புழுவாக வளர்வது. நான் வைத்த செடியில் வளர்ந்ததாகக்கூட இருக்கலாம். "அசையாதீங்க சார்!" என்றார் அந்தப் பெண். மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே நிறுத்தி, ஆடாமல் அசையாமல் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடினோம்.

என் கணவர் அப்போதுதான் ஆலை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். வாசலில் ஐஸ் பெட்டி. மேலே மாலை. பக்கத்தில் அசையாமல் கண்ணை நிறுத்தியிருக்கும் அப்பா. போனில் கேட்ட குரல் பிரமை என்று முடிவு கட்டி, "அப்பா!" என்று அலறினார். பூச்சி பறந்தது.

"கெடுத்தியா!" என்றார் மாமனார்.

என் கணவர் தரையில் உட்கார்ந்து அழுதார், பிறகு சிரித்தார், பிறகு எல்லோரையும் திட்டினார். டிரைவருக்கும் சேர்த்து உப்புமா கிண்டினேன். சாப்பிட்டுவிட்டுப் பெட்டியை ஏற்றும்போது அவர் விட்டிலைப் பத்திரமாக ஒரு இலையில் வைத்து என்னிடம் கொடுத்தார். அந்தப் பச்சைப் பூச்சி மாமனாரைப் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பைப்பைப் பிடித்து நந்தியாவட்டையைக் கழுவுவது அவர் வேலையானது. புழுவைக் கண்டால் என்னைக் கூப்பிடுவார். மற்ற நேரமெல்லாம், அந்தத் தங்கையின் புருஷன், தன் மச்சான், அன்றைக்குத் தன் சாவுக்கு வராததைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்.

எதிர்வீட்டு அக்கா ஒரு வாரம் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, அடுத்த தடவை வேட்டியைத் தன் வீட்டு வாசலில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக வந்து நின்றார். இந்த முறை யாரும் தப்பாக நினைக்கக் கூடாதென்று, ஓர் அட்டையில் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதி கேட்டில் தொங்கவிட்டார்: 'இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பூச்சி பார்க்கிறோம்.'

சைக்கிளில் போன ஒருவர் நின்று, அதை இரண்டு தடவை படித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"எப்பங்க எடுக்குறாங்க?"