மெல்ல வளர வேண்டிய நாய்

என் கொழுந்தன் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவன். கம்பமெட்டு வழியாக மலைக்கும் ஊருக்கும் ஜீப்பில் அலைவதுதான் அவன் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திப் பின்கதவைத் திறந்து, "மதினி, ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்றான். ஏலக்காயாக இருக்கும் என்று போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய இரும்புக் கூண்டு. கூண்டுக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி, நீளமான கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது.

கிரேட் டேன் என்றான். மலையில் ஒரு மலையாளி எஸ்டேட்டை விற்றுவிட்டு மகனோடு வெளிநாடு போகிறாராம். கடைசியாக மிஞ்சிய குட்டியைக் கூண்டோடு இவன் தலையில் கட்டிவிட்டார். இவன் அதை என் தலையில் கட்டினான்.

"நீ வளக்க வேண்டியதுதானப்பா?"

"நான் வீட்லயா இருக்கேன் மதினி? ஒங்களுக்குத் தோட்டம் இருக்கு. காவலுக்கு ஆச்சு."

காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அப்போது நான் சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். காலையில் பஸ்ஸேறினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். வீட்டில் கணவரும் மாமனாரும். வீட்டை ஒட்டியே எங்கள் திராட்சைத் தோட்டம், விதையில்லாப் பழம். இரண்டு ஆண்களும் பந்தலுக்கு அடியில்தான் பகல் முழுக்க இருப்பார்கள். குட்டி வந்த வாரத்திலேயே சொட்டுநீர்க் குழாயைக் கடித்துத் துண்டு துண்டாக்கியது. மருந்தடிக்கிற டப்பாவை உருட்டி முகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கூண்டு இல்லாமல் முடியாது என்று புரிந்துவிட்டது.

எஸ்டேட்காரர் வெளிநாடு போகும் முன்பு ஒரு முறை போனில் பேசினார். "டீச்சரே, கூட்டில வெச்சுத்தான் சோறு கொடுக்கணும். கதவு தொறந்தே இருக்கட்டும். கோபத்தில ஒருக்காலும் அடைக்க வேண்டா. அது அதோட முறி, சொந்த ரூமுன்னு நெனைக்கணும். அப்புறம், ஆகாரம் பதுக்கெ. ரொம்ப வேகமா வளந்தா எலும்பு தாங்காது. பதுக்கெ, கேட்டோ?" பதுக்கெ என்றால் மெல்ல. எங்கள் பக்கம் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

கூண்டைப் பின்கட்டில் நிழலாகப் போட்டு, அடியில் சாக்கை விரித்து, மேலே என் பழைய சேலையை மடித்துப் போட்டேன். சோற்றுத் தட்டை முதலில் கூண்டின் வாசலில் வைத்தேன். கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. மறுநாள் கொஞ்சம் உள்ளே. பிறகு இன்னும் கொஞ்சம். நான்கு காலும் உள்ளே போன அன்று, பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். தின்னும்போது கதவைச் சாத்தி, தின்று முடிப்பதற்குள் திறந்துவிடுவேன். அது ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் கணக்குப் புரிந்ததாகக் கையைத் தூக்கினால் வருமே, அந்தச் சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே ஊளை கேட்டது. ஓடினேன். கூண்டு பூட்டியிருந்தது. சாக்கு கிழிந்து, மூத்திரத்தில் நனைந்து, கம்பியில் தேய்த்துத் தேய்த்துக் குட்டியின் மூக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"யாரு பூட்டுனது?"

"நாந்தான்" என்றார் கணவர். "கேரளாவுல இருந்து ஏவாரி வந்தாக. வெள்ள வேட்டி. இது போயி மேல தாவிருச்சு. ரெண்டு அடி போட்டு உள்ள தள்ளுனேன்."

"கோவத்துல அடைக்கக் கூடாதுன்னு அவுக சொன்னாகள்ல?"

"கூண்டுன்னா பூட்டத்தான? பின்ன என்ன, கும்பிடவா?"

அடுத்து வந்த பல நாட்கள் அது கூண்டுப் பக்கமே வரவில்லை. தட்டை வாசலில் வைத்தால் எட்ட நின்று எச்சில் ஒழுகப் பார்க்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாசல், கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம். மீண்டும் யாராவது வருவார்கள். மீண்டும் இரண்டு அடி, பூட்டு, ஊளை. நான் ஒரு மாதம் கட்டியதை அவர் ஒரு நிமிடத்தில் இடிப்பார். கேட்டால், "நாய்க்கு இம்புட்டுப் பாடமா?" என்பார்.

மாமனார் வேறு மாதிரி. அவர் கூண்டைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். "என்னத்தா இது, பச்சப் புள்ளையப் போயி செயில்ல போட்டுக்கிட்டு" என்று அவரே திறந்துவிடுவார். கொழுந்தன் அதற்கு வைத்த இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "ஏலே" என்றுதான் கூப்பிட்டார். அதுவும் அதையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. அவர் தோட்டத்தில் வேலையாளை "ஏலே" என்று கூப்பிட்டாலும் இதுதான் முதலில் ஓடும்.

அவருடைய அன்பெல்லாம் சாப்பாட்டில் இருந்தது. நான் கறிச்சோறை அளந்து பிசைந்து, மூன்று வேளைக்கும் பிரித்து வைத்துவிட்டுப் போவேன். அது போக அவர் கையால் என்னென்ன போனது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நெய் விட்ட கேப்பைக் களி, அவித்த முட்டை, எருமைப்பால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால். போதாததற்கு, மாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சுண்ணாம்புச்சத்து டானிக்கை மடமடவென்று வாயில் ஊற்றியிருக்கிறார். ஆளுயரம் வளர வேண்டிய நாய்க்கு எலும்பு பலமாக இருக்க வேண்டாமா என்பது அவர் கணக்கு.

குட்டி வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "கன்னுக்குட்டி கணக்கா இருக்கே!" என்றார்கள். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் அதன் முன்னங்கால்களைப் பார்க்கப் பார்க்க உறுத்தியது. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்து, பாதம் அகன்று விரல்கள் விரிந்து நின்றன. படுத்தால் எழுந்திருக்க யோசித்தது.

கொழுந்தன் ஊருக்கு வந்த ஒரு நாள் அவனை விடாமல் பிடித்து, ஜீப்பில் நாயை ஏற்றித் தேனிக்குப் போனோம். டாக்டர் அதை நடக்கவிட்டுப் பார்த்தார்; கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கொடுப்பதைச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பா கொஞ்சம் டானிக்கு, முட்டை…" என்று இழுத்தான். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

"அந்த டானிக்கை இன்னைக்கே நிறுத்துங்க" என்றார் டாக்டர். "உடம்பு வேகமா ஏறுது, காலு தாங்கல. பெரிய ஜாதி நாயை ஒல்லியா வளர்க்கணும். விலா லேசா கையில தட்டுப்படணும்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எலும்பு தெரியிற நாய வச்சுக்கிட்டு நான் வெளிய தல காட்ட முடியுமா? ஊர்ல என்ன சொல்வாக? டீச்சரு வீட்ல நாய்க்குச் சோறு இல்லையாம்பாக."

"மாமா, காலு வளையுது. பாருங்க."

"அது வளத்தியில சரியாப் போகும்."

டானிக் நின்றது, பாட்டிலை நான் ஒளித்துவிட்டதால். மற்றது நிற்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் முட்டை ஓடு கிடக்கும். கேட்டால், உரம் என்பார். கணவரிடம் சொன்னால், "அப்பாகிட்ட நீயே பேசிக்க" என்பார். நானோ வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடக்குகிறவள். வீட்டில் இரண்டு பெரியவர்களை ஒரு நாய்க்குச் சோறு போடும் விஷயத்தில் அடக்க முடியவில்லை. கோபத்தில் சில நாட்கள் பஸ்ஸில் எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த மாசியில் அறுவடை தொடங்கியது. பெட்டி பெட்டியாகப் பழம் இறங்கும் காலம். கழிவுப் பழத்தைப் பந்தலுக்கு அடியில் குவிப்பார்கள். நாய் அங்கே சுற்றாமல் இருக்க, காலையில் கூண்டுக்குள் தின்னவைத்து, படுத்ததும் கதவைச் சாத்திவிட்டு, மதியம் திறந்துவிடச் சொல்லிப் போனேன். அப்போது அது கூண்டுக்கு ஓரளவு பழகியிருந்தது. நான் பஸ்ஸேறியதுமே மாமனார் திறந்துவிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வந்தபோது அது வாசலுக்கு வரவில்லை. பின்கட்டில் வாந்தி. வாந்தியில் முழு முழுப் பழமாகத் திராட்சை. மறுநாள் காலையில் தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டு விலகியது. வெளியே கூட்டிப் போனேன், மூத்திரமே போகவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பழம் ஏற்றிப் போகிற வண்டியில் நாயை ஏற்றித் தேனிக்குக் கொண்டு போனேன். கணவரும் கூட வந்தார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்றார். என்ன தின்றது என்று கேட்டார்.

"திராட்சை."

"திராட்சை நாய்க்கு ஆகாதுங்க. வெளிநாட்டுல இப்பக் கொஞ்ச காலமா சொல்றாங்க. எல்லா நாய்க்கும் இப்படி வராது. சிலதுக்குக் கொஞ்சம் தின்னாலே வந்துடும்."

கணவர் முகம் மாறியது. "மருந்தடிச்ச பழம் சார். அதுனால இருக்கும்."

"இருக்கலாம். பழமே காரணமாவும் இருக்கலாம். எதுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் இனிமே ஒரு பழம்கூடக் கூடாது."

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது கணவர் என்னை வெளியே கூப்பிட்டுப் போனார். நாய்க்காக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இத ஊர்ல எங்கனயும் சொல்லிராத. மருந்துன்னா ஏவாரி பழத்த எடுக்க மாட்டாக. பழமே ஆகாதுன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பாக" என்றார்.

உள்ளே போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டில் மாமனார் பொங்கிவிட்டார். "நம்ம பழத்துல வெசமா? எங்க அப்பா காலத்துல இருந்து நாயி, நரி, அணிலு எல்லாம் திங்குது. ஒண்ணாவது செத்துச்சா? அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? கூண்டுல அடச்சு ஏங்க வச்சதுல வந்த சீக்கு இது!"

"மாமா, நீங்க தொறக்காம இருந்திருந்தா அது தின்னுருக்காது!"

அந்த வீட்டில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான் முதல் முறை. அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் வெகுநாள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தேனிக்கும் ஓடைப்பட்டிக்குமாக அலைந்தேன். ஒரு காலையில் டாக்டர் வீட்டுக்கு எதிரே ரோட்டோர வேப்பமரத்தடியில் அது நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது. அதைப் பார்த்து நான் அழுதேன். நடுரோட்டில் ஒரு டீச்சர் நாய் மூத்திரம் பெய்வதைப் பார்த்து அழுவதைப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிழைத்துக்கொண்டது. உடம்பு இளைத்து, டாக்டர் சொன்னதுபோல விலா கையில் தட்டுப்பட்டது. கால் வளைவு ஓரளவு நேரானது, முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் கூண்டுக்குள் இப்போது அதனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. இத்தனை பாடுபட்டுப் பழக்கிய கூண்டு அதற்குச் சின்னதாகிவிட்டது. சின்னமனூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் புதுசு செய்யச் சொன்னேன். "புலியா வளக்குறீக?" என்று கேட்டுவிட்டு, இழுத்தடித்து ஒரு வழியாகச் செய்து கொடுத்தார்கள். அதற்குள் நுழைய அதை மறுபடி முதலிலிருந்து பழக்கினேன். இந்தத் தடவை கணவர் பூட்டவில்லை. ஏவாரி வந்தால் எனக்குப் போன் செய்வார். நான் வகுப்பை விட்டு வராந்தாவுக்கு வந்து, தட்டில் நாலு துண்டு கறியைப் போட்டு உள்ளே கூப்பிடச் சொல்லுவேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

அடுத்த அறுவடையில் நாய் பகலெல்லாம் கூண்டில் இருந்தது. ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் மாமனார், "கடிக்கும், கிட்டப் போகாதீக" என்றார். திராட்சை ஆகாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு எறும்பைக்கூட மிதிக்காத அந்த நாய்க்கு ஊரில் கடிநாய் என்று பெயர் வந்தது. பால்காரர் வாசலோடு நின்றார். நான் ஒவ்வொருவரிடமும் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் பின்கட்டுக்குப் போனேன். மாமனார் கூண்டுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது; நாய் உள்ளேயே படுத்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, நெய்ச்சோற்றை ஒரு பெரிய உருண்டையாக உருட்டினார்.

"மாமா!" என்று கத்தினேன்.

அவர் அவசரமாக உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறையச் சோறோடு, "எனக்குத்தான் ஆத்தா" என்றார். நாய் ஏமாந்துபோய்ப் பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே வைத்தது. நான் தட்டை வாங்கிக்கொண்டு போனேன்.