தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் கார் கழுவும் கொட்டகை இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர்க் குழாயும் கையுமாக நிற்பவன் சுகுமாறன். வயது நாற்பத்து மூன்று. எவ்வளவு பெரிய காரையும் உள்ளே வாங்கி, விரற்கடை பிசகாமல் நிறுத்திவிடுவான். ஆனால் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் எடுக்க ஐசி என்கிற அடையாள அட்டை வேண்டும், ஐசி எடுக்கப் பிறப்புச் சூராட், அதாவது சான்றிதழ் வேண்டும், அது அவனிடம் இல்லை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் புழுதியை நாள் முழுக்கக் கழுவிக்கொண்டிருப்பவனை இந்த நாட்டுக்கு யாரென்று தெரியாது.

தாமரையைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டித்தான் கூட்டி வந்தான். ஐசி இல்லாதவன் கல்யாணத்தைப் பதிவது எப்படி? அதனால் மகள் ஷாமினியின் சூராட்டில், அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'தகவல் இல்லை' என்று மலாயில் அச்சடித்து வந்தது. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. அம்மா வழியில் பிள்ளைக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்துவிட்டது. இல்லாமல் இருந்ததுதான் அந்த அப்பன் மகளுக்குச் செய்த பெரிய உபகாரம். அந்தத் தாளை அவன் ஒரே ஒரு தடவை பார்த்தான். பிறகு தாமரை அதை அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டாள்.

சுகுமாறனிடமும் ஒரு தாள் இருந்தது. அவனுடைய அம்மா மாரியாயி, பிளாஸ்டிக் உறை போட்டு, சேலைகளுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றிய தாள். வடக்கே கடா மாநிலத்தில், அவர்கள் இருந்த எஸ்டேட்டின் மாரியம்மன் கோயிலில் அவனுக்கு முடி இறக்கிக் காது குத்தியபோது கொடுத்த ரசீது. பெயர், நட்சத்திரம், தேதி, கோயில் சீல் எல்லாம் அதில் இருந்தன. சீல் குத்திய தாள் எதுவானாலும் சூராட்தான் என்று நம்பிய மனுஷி அவள். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஐசி எடுக்க அந்த ரசீதைத்தான் பதிவு இலாகா கவுண்டரில் நீட்டினாள். அங்கே வேலை செய்த ஒரு தமிழர், "அக்கா, இது மொட்டை போட்ட ரசீது" என்று மெதுவாகச் சொன்னார். "அம்மன் சீல் இருக்கு, நல்லாப் பாருங்க" என்று மாரியாயி சண்டைக்குப் போனாள். அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல். மாரியாயி செத்தும் ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

இந்த வருடம்தான் கவுண்டரில் இருந்த ஒரு மலாய்ப் பெண் அவனை உட்காரவைத்துப் பேசினாள். இரண்டு காரியம் வேண்டும் என்றாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருந்தால், சத்தியப் பிரமாணம் செய்து விண்ணப்பப் பாரத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். பிறகு அம்மாவின் கூடப்பிறந்தவர் ஒருவர் ரத்தம் கொடுக்கவேண்டும், இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

ரத்தத்துக்குக் காஜாங்கில் கன்னையா மாமா இருந்தார், மாரியாயியின் தம்பி. "குடுத்துருவோம்லா, அதுக்கென்ன" என்றார் முதலில். அப்புறம் காய்ச்சல் என்றார், சுகர் ஏறிவிட்டது என்றார், இந்த மாதம் நாள் சரியில்லை என்றார். மாமாவுக்கு ஊசி என்றால் பயம்போல என்று சுகுமாறன் வீட்டில் சொல்லிச் சிரித்தான்.

மருத்துவச்சியைக் கண்டுபிடித்தது ஷாமினி. பழைய எஸ்டேட்காரர்களின் முகநூல் குழுவில் கேட்டுக் கேட்டு, நான்கே மாதத்தில் ஆளைப் பிடித்துவிட்டாள். பெயர் இராஜம்மா, வயது எண்பத்து நாலு, ஞாபகம் நன்றாக இருக்கிறது. கடாவில், ஜெராய் மலையடியில் ஒரு சின்னக் கடலோரப் பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். சுகுமாறன் போனில் பேசியபோது, "மாரியாயி மவனா? வாப்பா, வா" என்றது கிழவியின் குரல். அன்றைக்கு அவன் கழுவிய கார்கள் மற்ற நாளைவிடச் சுத்தமாக இருந்திருக்கும்.

போவதுதான் கஷ்டம். தொலைதூரப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க ஐசி கேட்பார்கள், வழியில் போலீஸ் நிறுத்தினாலும் ஐசி கேட்பார்கள். அதற்கும் ஒரு வழி வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ராதாகிருஷ்ணன் கிள்ளானிலிருந்து 'கடாரப் பயணம்' என்று ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தார். பூஜாங் பள்ளத்தாக்கில் இடிந்த கோயில்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இராஜம்மாவின் பட்டணத்துக் கூழாங்கல் கடற்கரையில் மதியச் சாப்பாடு. சார் ஐசி கேட்கவில்லை, சட்டை அளவுதான் கேட்டார். முன்னால் சோழர் புலி போட்ட மஞ்சள் சட்டை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் பஸ் கிளம்பியது. "அப்பா, அந்த பீச்ல எல்லாம் கல்லாம்லா. ஒன்னு எடுத்துட்டு வாங்க. கைநாட்டு வாங்குன நாள்னு தேதி எழுதி வெச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் ஷாமினி.

பழைய கோயில் என்று அங்கே இருந்தது முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை, தூண் நின்ற இடத்தில் குழிவிழுந்த கற்கள். ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. சுற்றிலும் வேலி, தொடாதே என்று அறிவிப்பு, எங்கே கண்டெடுத்தார்கள், எத்தனையாம் நூற்றாண்டு என்று பளபளக்கும் பலகை. ராதாகிருஷ்ணன் சார் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"நம்மள வந்தேறின்னு சொல்றாங்க. இதோ பாருங்க! ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நாம இங்க இருக்கோம். இதவிட என்னய்யா டாக்குமெண்ட் வேணும்?"

எல்லாரும் கை தட்டினார்கள். சுகுமாறனும் தட்டினான். சார் சொன்னது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பேச்சை அந்தக் கவுண்டரில் நின்று பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. சட்டைப்பைக்குள் பாரம் கசங்காமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். பட்டணத்தில் சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும்.

கடற்கரையில் மணலே இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கல். ஆட்கள் நடக்க முடியாமல் தள்ளாடி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கரையோரத்து மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் இராஜம்மா உட்கார்ந்து, மடியில் இருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கல்லைச் சுடவைத்து, துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுப்பது மலாய்க்காரர் வழக்கம், எஸ்டேட்டில் நம்மவர்களும் பழகிக்கொண்டது. இந்தப் பட்டணத்தில் இன்றும் அவளைத் தேடி வந்து கல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

"பாட்டி, நான் சுகுமாறன். கிள்ளான்லேருந்து போன் பண்ணேனே."

கிழவி நிமிர்ந்து அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்து லயம், வரிசையில கடைசி வீடு. உங்கப்பன் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பான், வாயில சுருட்டு இருக்கும். சரிதான?"

"சரிதான் பாட்டி, சரிதான்!" சுகுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெளிவான சாட்சி உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? கற்களின்மேல் மண்டியிட்டு உட்கார்ந்து பாரத்தை விரித்தான். "நான் எங்க பொறந்தேன், எப்ப பொறந்தேன், பிரசவம் பாத்தது நீங்கதான்னு சொல்லிக் கைநாட்டு வைக்கணும். ஆபீஸ் இங்கதான், ரெண்டு தெரு தள்ளி. நான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

இராஜம்மா பாரத்தைப் பார்க்கவில்லை. "உங்கம்மா போறதுக்கு முன்னால உங்கிட்ட ஒன்னும் சொல்லலியாப்பா?"

"என்ன சொல்லணும்?"

"நான் பிரசவம் பாத்த பொம்பள அத்தனை பேருக்கும் என் கையாலதான் கல்லு சுட்டு ஒத்தடம் குடுப்பேன். உங்கம்மாவுக்கு ஒரு நாளும் குடுத்ததில்லப்பா. குடுக்க வேண்டி வரல."

சுகுமாறனுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கக்கூடாது என்று இருந்தான்.

"வேற எஸ்டேட்டுப் பொண்ணு ஒன்னு, மழையில நனைஞ்சுக்கிட்டு என் வீட்டுக்கு வந்துச்சு. பதினெட்டு இருக்கும். பேரக் கேட்டா அழுதுச்சு, ஊரக் கேட்டா அழுதுச்சு. நீ பொறந்து மூனு நாளு என்கூட இருந்துச்சு. மாரியாயிக்கு ரெண்டு புள்ள பொறந்து, ரெண்டும் ஆஸ்பத்திரியிலயே செத்துப் போய்ருச்சு. நான்தான் அவள வரச் சொன்னேன். சும்மா வாங்குனா புள்ள தங்காதுன்னு, கொட்டாயிலேருந்து ஒரு படி தவிடு அள்ளிக்கிட்டு வந்து அந்தப் பொண்ணு மடியில கொட்டுனா. உன்னைத் தூக்கிக்கிட்டு ஓட்டமா ஓடிட்டா, எங்க மனசு மாறிடுவாளோன்னு. மறுநாளு அந்தப் பொண்ணும் போய்ருச்சு. தவிட மட்டும் விட்டுட்டுப் போய்ருச்சு."

சுகுமாறன் சின்ன வயதில் அடம்பிடித்து அழும்போதெல்லாம், "ஒரு படி தவிட்டுக்கு வாங்குன பயலுக்கு வீம்பப் பாரு" என்பாள் மாரியாயி. எந்த வீட்டில்தான் சொல்லவில்லை? அவனே ஷாமினியிடம் சொல்லியிருக்கிறான். "தவிடுன்னா என்னப்பா?" என்று அவள் கேட்டு, அதை விளக்கத் தெரியாமல் முழித்திருக்கிறான். ஊரில் எல்லாப் பிள்ளையும் கேட்டு வளர்ந்த கேலி அது. மாரியாயி மட்டும் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

கிழவி எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வா, போவோம். மாரியாயி வயித்துல பொறந்தவன்னு சத்தியம் பண்ணிடுறேன். எம்பத்து நாலு வயசுல எனக்கு இனிமே என்ன பாவம் வந்து ஒட்டப்போவுது? என் கையாலதான் உன்னை அவகிட்ட குடுத்தேன், என் கையாலயே முடிச்சு வெக்கிறேன்."

சுகுமாறன் சட்டென்று எழுந்தான். ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை அவன். ஒரு பொய்யால் ஐசி வருமென்றால் கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டே ஓடியிருப்பான். இரண்டடி வைத்த பிறகுதான் கன்னையா மாமா ஞாபகத்துக்கு வந்தார். காய்ச்சல், சுகர், நாள் சரியில்லை. ஊசிக்குப் பயந்தவர் இல்லை அவர். அக்காளுக்காக நாற்பத்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர், ரத்தம் வாய் திறந்துவிடும் என்றுதான் பயந்திருக்கிறார்.

"வேணாம் பாட்டி. ரத்தம் எடுத்துப் பாப்பாங்க."

"எடுத்தா?"

"எடுத்தா தெரிஞ்சிரும்."

கிழவி மறுபடி உட்கார்ந்தாள். பெற்றவள் யாரென்றே தெரியாதவனுக்கு வேறு ஏதாவது பாரம் இருக்குமோ என்னவோ. இருந்தாலும் அதற்கு இன்னொரு இருபது வருடம் ஆகும், இன்னொரு இராஜம்மா வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் யாரும் இல்லை. இனி அந்தக் கவுண்டருக்குப் போவதில் அர்த்தமில்லை என்பது சுகுமாறனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் அந்தக் கொட்டகையில் நின்றாயிற்று, சாகும்வரை அங்கேதான் நிற்கவேண்டும். அதைவிடப் பெரிய துக்கம், அம்மாவை இரண்டாம் தடவை பறிகொடுத்தது.

"நல்லா வளத்தாளா உன்னை?" என்றாள் இராஜம்மா.

"நல்லா வளத்தாங்க பாட்டி" என்றவன், அவள் மடியில் தலையை வைத்து அழுதான். தூரத்தில் மஞ்சள் சட்டைக்காரர்கள் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராதாகிருஷ்ணன் சார் அவர்களுக்கு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், போன் வந்தது. ஷாமினி.

"அப்பா! பாட்டியப் பாத்தீங்களா? ஞாபகம் இருக்கா அவங்களுக்கு?"

"எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. ஒன்னுவிடாம ஞாபகம் இருக்கு."

"ஹையோ, சூப்பர்லா! என்னதான் சொன்னாங்க?"

சுகுமாறன் கடலைப் பார்த்தான். மறைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "என்னைத் தவிட்டுக்கு வாங்குனாங்களாம்மா."

அந்தப் பக்கம் ஷாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்கப்பா! எல்லாரையும் அப்படித்தான சொல்வாங்க. கைநாட்டு வெச்சாங்களா, அதச் சொல்லுங்க."

சுகுமாறன் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.