வேதவல்லி டீச்சரும் விழாத ரோமும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பத்திரிகைக் கட்டுரை ஒன்றைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தேன். ரோமப் பேரரசு விழவில்லை, வேறொன்றாக மாறியது என்று யாரோ எழுதியிருந்தார். சனிக்கிழமை வடக்கனந்தலுக்குப் போய் வேதவல்லி டீச்சரோடு சண்டை போட அது போதும். அப்போதுதான் அவர் மகன் போன் செய்தார். "அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க டீச்சர்." பென்சிலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் சண்டை தெரியும். ஒரே பள்ளியில் இருவரும் சரித்திர ஆசிரியைகள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நான் கள்ளக்குறிச்சிக்கு வந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க டீச்சர். ஆத்தங்கரையில கெடந்த சின்ன ஊரு, வந்தவன், தோத்தவன் எல்லாரையும் சேத்துக்கினுதான் ரோமாபுரியா வளந்துச்சு. உங்க ஒருத்தர சேத்துக்க மாட்டமா?" ஒருவரை வரவேற்கும் லட்சணமா இது என்று நினைத்தேன். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதலில் அவரிடம்தான் நீட்டினேன்.

பாடத்தில் 'ரோமப் பேரரசின் வீழ்ச்சி' என்றிருக்கும். அவர் கரும்பலகையில் 'மாற்றம்' என்று எழுதுவார். பக்கத்து வகுப்பில் நான் 'வீழ்ச்சி' என்று எழுதுவேன். பிள்ளைகள் குழம்பிப்போய், விஷயம் தலைமையாசிரியர் வரை போயிற்று. அங்கேயும் அவர் மசியவில்லை. "சட்டம் இருந்துச்சு, ஒரு பாஷ நாலஞ்சு பாஷயாச்சு, கெழக்க ரோம் ராஜாவும் இருந்தாரு. இதுல இன்னா சார் வுழுந்துச்சு?"

"ஊரே சூறை போச்சு சார், இவங்க பாஷையப் பத்திப் பேசறாங்க," என்றேன் நான். தலைமையாசிரியர் இருவரையும் பார்த்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினார்.

கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது இருவரும் ஓய்வு பெற்றிருந்தோம். கணவர் காலமாகி, மகனும் பெங்களூர் போய்விட, அவர் வடக்கனந்தல் வீட்டில் தனியாக இருந்தார். நான் என்றுமே தனிதான். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிவிடுவேன். "தென்னாற்காட்டுல பொறந்தேன், விழுப்புரத்துல வேல பாத்தேன், கள்ளக்குறிச்சியில சாவப் போறேன். இந்த வூட்ட வுட்டு நகரவே இல்ல. நான் எங்கனா வுழுந்தனா, சொல்லுங்க?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டுச் சிரித்தார். காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

காரியம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது, "எப்ப வேணா வாங்க டீச்சர், சாவி எதுத்த வூட்லதான் இருக்கும்," என்றார் மகன். நல்ல பிள்ளை. யாரைப் பார்க்க வருவது?

அவர் எனக்கு விட்டுப்போனது முடியாத அந்த வாதம் ஒன்றுதான். என் கட்சியை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேற்று சனிக்கிழமை. அடுப்படியில் நின்றுகொண்டு, "ரோம் விழுந்துதான் போச்சு டீச்சர்," என்று சத்தமாகச் சொன்னேன். இல்லை என்று சொல்ல யாருமில்லை.