ரெண்டு சீட்டுக் கார்

நான் யோசித்துச் செய்த காரியங்கள் பெரும்பாலும் சொதப்பியிருக்கின்றன. யோசிக்காமல் செய்ததில் ஒன்று உருப்பட்டது. அந்தச் சிவப்புக் காரை வாங்கியதைத்தான் சொல்கிறேன். வாங்கிய அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் ராஜபாளையத்தில் ஒருத்தர்கூட நம்பியிருக்க மாட்டார்.

எனக்குப் பஞ்சு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. லீவு நாளில் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மோட்டார் பார்க்கப் போவேன். அப்படித்தான் சேத்தூரில் ஒரு நெல் வியாபாரியின் குடோனுக்குப் போனேன். மூலையில் தார்ப்பாய் போர்த்தி என்னவோ கிடந்தது. உயரம் என் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. பழைய மருந்தடிக்கிற மெஷினாக இருக்கும் என்று நினைத்துத் தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட்டு, மடக்கிவிடுகிற துணிக் கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் தோரணை. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அது கோபப்பட்டதே தவிர எழுந்திருக்கவில்லை.

வியாபாரியின் மகன் கோயம்புத்தூரில் படித்தபோது யாரிடமோ வாங்கியதாம். மகன் வெளிநாடு போய்விட்டான். கார் அப்பாவின் தலையில் விழுந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போயிருங்க சார். பாக்குறப்பெல்லாம் வயிறு எரியுது. மூடை அடுக்குற இடத்தை அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

எனக்குப் பேரம் பேசவே தோன்றவில்லை. அவர் சொன்ன விலைக்குச் சரி என்றேன். கோழியைத் தர மாட்டேன் என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருந்தது சாதாரணக் குடும்பக் காரில் இருக்கிற எஞ்சின்தான். பாடி முழுக்க ஃபைபர். சோழபுரத்து மாமாவின் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்து கார்புரேட்டர், பெல்ட், குழாய்கள் எல்லாம் வாங்கி வந்து மாட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் அது இருமி இருமி உயிர் பிடித்தபோது தெருவே கூடிவிட்டது. ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் படக்கென்று அணைந்துவிடும்.

வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள், நான், என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. குழந்தை இல்லை. மதுரையில் பார்த்த டாக்டரம்மா இனிமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச எங்கே இடம்? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் பிள்ளைகள். வெளியே கிளம்பினால் "நானும் அப்படியே வாரேன்" என்று யாராவது செருப்பை மாட்டிவிடுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் போய் வந்த இடம் என்று ஆஸ்பத்திரியைத்தான் சொல்ல வேண்டும். அவள் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அது பயமாக இருந்தது.

கார் ஓடத் தொடங்கியதும் அய்யனார் கோவிலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. எங்கள் பக்கத்தில் சைக்கிளில் இருந்து கதிரறுக்கிற மெஷின் வரை எதை வாங்கினாலும் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ரோட்டில் இறக்குவோம். குடும்பம் ஆட்டோவில் முன்னே போக, நான் காரில் தனியாகப் பின்னே போனேன். பூசாரி தட்டில் சூடம் காட்டினார். அம்மாவுக்கு அது போதவில்லை. மாமா டிராக்டர் வாங்கியபோது பானெட்டின் மேலேயே கைநிறையச் சூடத்தைக் குவித்து ஏற்றினார்கள். அந்தக் கனத்த தகரம் அதைச் சட்டை செய்யவில்லை. அதே மாதிரி இந்தக் காரின் மூக்கிலும் அம்மா குவித்து ஏற்றினாள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். மெயின்டனன்ஸ்காரனான நானும்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், பாருங்கள். வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தால் பெயிண்ட் கொப்பளித்து, ஃபைபர் கருகல் தோசை மாதிரி ஓரம் சுருண்டு புகைந்துகொண்டிருந்தது. அண்ணன் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான்.

"சூடத்தையே தாங்கல. இது குடும்பத்தைத் தாங்குமாக்கும்?" என்றாள் அம்மா.

"அது ஃபைபரும்மா. பிளாஸ்டிக் மாதிரி" என்றான் அண்ணன்.

"என்ன எழவோ. அய்யனாரே வேண்டாம்னு சொல்லிட்டாரு. இதுல ஒருத்தரும் ஏறப்பிடாது, சொல்லிட்டேன்."

எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்த என் மனைவி முன்னால் வந்தாள். கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பள்ளத்துச் சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள்.

"நான் ஏறிக்கிடுதேன் அத்தை. இனிமே கெட்டுப்போறதுக்கு எனக்கு என்ன இருக்கு?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான் வண்டியை எடுத்தேன்.

அம்மா வைத்த சூடம் எங்களுக்கு எப்பேர்ப்பட்ட உதவி செய்தது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஆகாத கார் என்று பேர் வந்துவிட்டதால் வேறு யாரும் அதில் ஏறக் கேட்கவில்லை. அண்ணன் பிள்ளைகளைக்கூட மதினி விடவில்லை. அந்த இரண்டாவது சீட்டு முழுக்க முழுக்க என் மனைவிக்கே ஆனது. வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்கி வருகிறோம் என்று கிளம்பிவிடுவோம். விருந்தாளி வராவிட்டாலும் கிளம்புவோம். பிள்ளைகளுக்குப் பால்கோவாவைக் கண்டாலே குமட்டுகிற நிலைமை வந்துவிட்டது.

கூரையை மடக்கிவிட்டால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் மலையில் இருந்து இறங்குகிற ஈரக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரத்துக்குச் சமமாக எங்கள் தலை இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு உரசும். உரசும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மாடி" என்பாள், தன் வயிறே உரசிவிட்ட மாதிரி. தலைமுடி கலைந்து, முகமெல்லாம் புழுதியாகி, கல்யாணமான புதிதில்கூட நான் பார்க்காத சிரிப்பு ஒன்று சிரிப்பாள். காற்றுச் சத்தம், எஞ்சின் சத்தம் இரண்டையும் தாண்டிக் கத்தினால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். அதனால் எங்களுடைய மிக அந்தரங்கமான பேச்சையெல்லாம் நாங்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசினோம். எனக்குப் பிடிக்கும் என்று அவள் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்த குழம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதையும், அவளுக்கும் அது பிடிக்காது என்பதையும் மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்குப் பக்கத்தில் கத்திக் கண்டுபிடித்தோம்.

எவ்வளவு கத்தினாலும் குழந்தைப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

அவள் அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவளுடைய தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் மத்தியானம் முழுக்க நின்று, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை இவளேதான் பொறுக்கி வாங்கினாள். விசேஷத்தில் நான் வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெண்கள் வரிசையாக வளையல் போட்டார்கள். இவள் முறை வந்தபோது சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "நீ செத்த நேரம் அடுப்படியில இரும்மா, பொறவு போட்டுக்கிடலாம்" என்றாளாம். அந்தப் பொறவு வரவே இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை, கூடப் பிறந்த தங்கை உட்பட. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கிளம்பும்போது அவள் மடியில் பேப்பரில் சுற்றிய வளையல் பொட்டலம் ஒன்று இருந்ததை மட்டும் கவனித்தேன்.

ஊரைத் தாண்டியதும் கத்தத் தொடங்கினாள். நடந்ததை முதலில் கத்தினாள். பிறகு டாக்டரம்மா சொன்னதை. அடுத்து, அம்மா எனக்கு இன்னொரு கல்யாணம் செய்து வைப்பது பற்றி மாமாவிடம் பேசியதைத் தான் கேட்டுவிட்டதை. அவள் அழுதுகொண்டே கத்தினாள், நானும் ஏதேதோ கத்தினேன். ரயில்வே கேட் அடைத்திருந்ததைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். பிரேக்கில் காலை வைத்தேன். ஆக்சிலேட்டரில் இருந்து கால் எடுபட்டதும் எஞ்சின் அணைந்தது. அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு ஒரு பிள்ளை வேணும்! யாரு பெத்ததுன்னாலும் சரி, எடுத்து வளப்போம்!"

சத்தமே இல்லாத ரோட்டில் அது அப்படியே போய் விழுந்தது. கேட்டுக்காக எல்லா வண்டிகளும் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தன. பக்கத்தில் டவுன் பஸ், அதற்கு முன்னால் மொபெட்டுகள், நெல் ஏற்றிய டிராக்டர். எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. கூரையில்லாத காரில் ஒளிவதற்கு இடம் ஏது? அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பஸ் ஜன்னலில் இருந்து ஒரு வயதான பெண் குனிந்து பார்த்தாள். "எடுத்து வளருங்கம்மா. யாரு பெத்தா என்ன, பிள்ளை பிள்ளைதான?" என்றாள். மொபெட்டில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, அவிய கேக்குதாவள்ல, பதில் சொல்லுங்க" என்றார். ரயில் இன்னும் வரவில்லை. மொத்தக் கேட்டும் எனக்காகக் காத்திருந்தது.

"எடுத்துக்கிடலாம்டி" என்றேன். அது அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸுக்குள் யாரோ விசில் அடித்தார்கள். அவள் முந்தானையை எடுக்காமலே என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கேட் திறந்தபோது கார் கிளம்ப மறுத்துவிட்டது. பஸ் முன்னால் போய்விட்டது. அந்த பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்க்காமல் டி.வி. பார்த்தான். மதினி என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அம்மா சாப்பாடு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் பேசவில்லை. இன்னொரு கல்யாணப் பேச்சை நேராகவே எடுக்கப்போகிறாள், நான் தனி வீடு பார்க்க வேண்டியதுதான் என்று தயாராகிக்கொண்டிருந்தேன். என் மனைவி மறுபடியும் ஊமையாகிவிடுவாளோ என்ற பயம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அய்யனார் கோவிலில் இருந்து திரும்பிய நாள் முதல் அந்தக் காரின் பக்கமே வராத அம்மா வந்து நின்றாள். உள்ளே குனிந்து பார்த்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். பின்னால் கூரை மடங்குகிற பொந்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஏலே, இதுல பிள்ளைய எங்க உக்கார வப்ப?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எம்புட்டு இடம் இருக்கு இதுல? மழை பெஞ்சா ஒழுகுது. இதை வித்துப்போடு. எல்லாரும் ஏறுற மாதிரி ஒண்ணு வாங்கு."

"அம்மா, நெனச்ச ஒடனே பிள்ளையத் தர மாட்டாக. பேரைப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்துக் கெடக்கணும்."

"வாரப்ப வரட்டும். வந்து நிக்கிற பிள்ளைகிட்ட இடம் இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பெட்ரோல் கையோடு கண்ணைத் துடைத்து, எரிச்சலில் துள்ளினேன்.

காரைத் தென்காசிப் பக்கத்து இளைஞன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். அது தெருமுனை திரும்பும்வரை நானும் அவளும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு எத்தனையோ நல்ல வண்டிகளில் போயிருக்கிறோம். ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குரல் உயர்த்தாமல் பேசலாம். ஆனாலும் சிவப்புக் காரில் கத்திப் பேசிய மாதிரி பேச வரவில்லை. அந்தக் கார் எனக்கு இன்றைக்கும் வேண்டும்.

எல்லோரும் ஏறுகிற பெரிய வண்டி வந்தது. அய்யனார் கோவிலில் பூசாரியின் தட்டோடு சூடத்தை நிறுத்திக்கொண்டாள் அம்மா. வீட்டுக்குத் திரும்பும்போது தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி நடுச் சீட்டில் ஜன்னல் ஓரமாகப் போட்டாள். அண்ணன் மகன் அதில் உட்காரப் போனான். "ஆள் வருதுலே, தள்ளு" என்று விரட்டிவிட்டாள். துண்டு அங்கேயே கிடந்தது. அழுக்கானால் துவைத்துத் திரும்பவும் போடுவாள். கல்யாணம், காட்சி, கோவில் என்று எங்கே போனாலும் மற்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை.

வருஷங்கள் கழித்து, பேர் பதிந்திருந்த மதுரைக் குழந்தைகள் இல்லத்தில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வெளியே வந்த அன்று, வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். குழந்தை என் மனைவியின் விரலை விடாமல் மிரண்டு பார்த்தது. அம்மா அந்தத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏறு தாயி" என்றாள்.