மாங்குழி ஏலாவில் சாராம்மா கட்டாத வீடு

நேசமணி அபுதாபியிலிருந்து அனுப்பும் கேசட்டைப் போட்டால் முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். குளிர்காற்று மிஷினின் சத்தம் என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தான். ஆனாலும் அவன் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வது அவன் மனைவி சாராம்மாவுக்குப் பிடித்திருந்தது. மதியச் சோறு முடிந்ததும் நெல்லுப் பெட்டிமேல் டேப் ரிக்கார்டரை வைத்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இரைச்சல் வரும். அதற்குள்ளிருந்து மெல்ல அவன் குரல் கரையேறும்.

"சாராம்மா, கேக்குதா? இப்ப நான் நம்ம வீட்டு வாசல்ல நிக்கேன். கிழக்க பாத்த வாசலாக்கும். நாலு படி ஏறினா திண்ணை மாதிரி ஒரு சிட்டவுட். அங்க ரெண்டு கசேரி போடலாம். வலது கைப்பக்கம் உள்ளது மகளுக்க முறி..."

அப்படி ஒரு வீடு எங்கும் இல்லை. நேசமணி கொத்தனார். பத்து வருஷமாக அந்த வெயிலில் யார் யாருக்கோ மாடிமேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருந்தவன், தன் வீட்டை மட்டும் குரலாலேயே கட்டிக்கொண்டிருந்தான்.

அவர்களுக்குச் சொந்தமென்று மண் வந்தது எழுபதாம் வருஷத்துக் கேரள நிலச் சட்டத்தால். அதுவரை நேசமணியின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரு பெரிய வீட்டுக்காரரின் தென்னந்தோப்பு ஓரத்தில் குடிகிடப்பு. குடிசை இவர்களுடையது, அது நின்ற தரை அவர்களுடையது. போ என்றால் ஓலையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். சட்டம் வந்து மூன்றாவது வருஷம் சர்வேக்காரர் சங்கிலியோடு வந்தார். பத்து சென்ட் அளந்து நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார். சாராம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லோரும் போன பிறகு அந்த நான்கு கல்லுக்கும் நடுவே வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். மேலே ஓலைகள் அசைந்தன. கீழே மண்ணும் அசைவதுபோல, ஓர் ஓடம் தன்னை ஏற்றிக்கொண்டு மெல்ல நகர்வதுபோல இருந்தது அவளுக்கு.

குளத்தூரைத் தாண்டிய அந்த எல்லைப் பகுதியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மாங்குழி ஏலா கிடந்தது. ஏலா என்றால் வயல்வெளி. எண்பத்துமூன்றில் அதில் முப்பது சென்ட் விலைக்கு வந்தபோது நேசமணி தம்பி மூலமாக வாங்கிப் போட்டான். சாராம்மா பன்னிரண்டு வயதிலிருந்து குனிந்து நாற்று நட்ட வயல்தான் அது. எந்த இடத்தில் கால் கணுக்கால்வரை புதையும், எந்த இடத்தில் முழங்கால்வரை போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அதன் பிறகு மாலை வேளைகளில் அவள் தன் வயல் வரம்பில் நடக்க ஆரம்பித்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிழக்கு மூலையில் நின்று நான்கு படி ஏறுவாள். வலது பக்கம் திரும்பி மகள் விமலகுமாரியின் அறையை எட்டிப் பார்ப்பாள். அடுப்படியில் கொஞ்ச நேரம் நிற்பாள். அங்கே ஜன்னல் வழியாக வெளிச்சம் விழும். நெற்கதிர்கள் தரைவிரிப்புபோல அவள் காலடியில் சாய்ந்து நிமிரும். தவளைகள் ஒவ்வோர் அறையிலும் இருந்து குரல் கொடுக்கும்.

வயலை நிகத்தினால்தான் வீடு. மண் போட்டு மேடாக்குவதை அங்கே நிகத்துவது என்பார்கள். நெல்வயலை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது என்று அரசாங்க உத்தரவு உண்டு. வருவாய்த்துறை ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போடவேண்டும். நேசமணி சொன்னபடி அவளும் மனு எழுதிக் கொடுத்திருந்தாள். வருஷம் இரண்டாகியும் பதில் இல்லை. மனு கொடுக்காதவர்கள் காத்திருக்கவில்லை. விடுமுறை நாட்களில் செம்மண் லாரிகள் வந்தன. திங்கட்கிழமை பார்த்தால் வயல் இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு மேடு இருக்கும். ஆறு மாதத்தில் அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு. அந்த லாரிகளில் பாதி ராஜையாவுடையவை. அவனும் வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் இருந்து திரும்பியவன், வாய் நிறையப் பேசுகிறவன். ஏலாவின் தண்ணீர் வடிகிற தோட்டின், அதாவது ஓடையின், வாயருகே வயலை நிகத்தி அவன் கட்டிய வீடுதான் மாங்குழியில் முதல் மாடிவீடு.

எண்பத்தேழில் ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டது. போக வழியில்லாமல் தண்ணீர் திரும்பிக் காலனிக்குள் ஏறியது. காலனி என்றால் சாராம்மாவைப்போலப் பத்து சென்டும், அதில் பாதியும் கிடைத்தவர்களின் குடிசைகள். மூன்று நாள் அவர்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற புஷ்பபாய் திரும்பிப்போய்ப் பார்த்தபோது அவளுடைய மண் அடுப்பு கரைந்து தரையோடு தரையாகியிருந்தது.

அந்த ஈரம் காய்வதற்குள் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்தார்கள். எட்டொன்பது வருஷம் கழித்து வருகிற தேர்தல். ஊரே ஒரு மாதிரிச் சொக்கிப்போயிருந்தது. முன்னணிக் கட்சிகள் சீட்டுப் பங்கிட்டதில் மாங்குழி வார்டு யாருக்கும் வேண்டாத வார்டாக மிஞ்சியது. எதிரில் ராஜையா சைக்கிள் சின்னத்தில் நிற்கிறான், அவனோடு மோத ஆள் இல்லை. அப்போதுதான் கட்சிக்காரன் சதாசிவன் சாராம்மாவைத் தேடி வந்தான். பாலராமபுரத்துத் தறிகளுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில்.

"அக்கா, நீங்க நிக்கணும்."

"எங்க நிக்க? வயலுல நின்னு நின்னே காலு வெடிச்சுக் கெடக்கு."

"தேர்தலுல அக்கா. உங்கள எல்லா வீட்டுலயும் தெரியும். நட்டதும் அறுத்ததும் ஒண்ணா. யாரும் வாசல அடைக்கமாட்டாவ."

அவள் சிரித்தாள். ஆனால் அன்று மாலை வரம்பில் நடந்தபோது, தன் பெயர் ஒரு சுவரில் பெரிய நீல எழுத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. அது யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் பெயர்போல அழகாக இருந்தது. மறுநாள் சரி என்றாள். குடைச் சின்னம் கிடைத்தது.

மனுத்தாக்கல் முடிந்த வாரமே தபால்காரர் ஒரு பழுப்புக் கவர் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்புப் படித்த விமலகுமாரி மலையாளத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னாள். முப்பது சென்டில் பத்து சென்டை வீட்டுக்காக நிகத்தலாம் என்று அனுமதி வந்திருந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. ஊரில் எல்லோரும் திருட்டுத்தனமாகச் செய்ததைச் சாராம்மா பகல் வெளிச்சத்தில் செய்யலாம். அவள் அந்தக் காகிதத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்தாள். நேசமணிக்கு எழுத உட்கார்ந்து, நாளைக்கு எழுதலாம் என்று எழுந்துவிட்டாள்.

வாக்குக் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கியபோது ஒருநாள் எதிரில் ராஜையாவே வந்தான். கும்பிட்டான்.

"தங்கச்சி, நாம ரெண்டுபேரும் ஒண்ணுதான். நானும் அங்க வெயிலுல நின்னவனாக்கும். அங்க நின்னவனுக்கு ஒரு வீடு வேண்டாமா? உனக்கும் பேப்பர் வந்தாச்சுண்ணு கேட்டேன். மண்ணு வேணும்னா சொல்லு, நமக்க லாரி உண்டு."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

இரண்டு நாள் கழித்துக் காலனியில் கூட்டம். சாயங்காலம் நாலு மணி, பலா மரத்தடி. சதாசிவன் தோட்டைத் திறப்போம், தண்ணீரை வடியவைப்போம் என்று பேசி முடித்தான். புஷ்பபாய் எழுந்தாள்.

"சாராம்மா, ராஜையா நிகத்தினது தப்புண்ணு சொல்லுதிய. சரி. உனக்க வயலு எங்க வீட்டுக்கு நேர் மேலதான் கெடக்கு. அத நீ நிகத்துவியா, மாட்டியா?"

எல்லோரும் சாராம்மா பக்கம் திரும்பினார்கள். சதாசிவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாராம்மா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"தெரியாது புஷ்பம். நாளைக்குச் சொல்லுதேன்."

யாரோ சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் சதாசிவன் தலையில் அடித்துக்கொண்டான். "சும்மா ஒரு வார்த்த சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்லா அக்கா!"

மறுநாள் விடிந்ததும் அவள் வயலுக்குப் போனாள். தை மாதம், கதிர் பால் பிடித்து நின்றது. பனி இன்னும் விலகவில்லை. அவள் வரம்பிலிருந்து இறங்கி அடுப்படி வரவேண்டிய இடத்தில் நின்றாள். கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, கிழக்கேயிருந்து காலனிப் பக்கம் திரும்பி, அங்கிருந்து தோட்டுக்கு. இருபத்துநாலு வருஷமாக அந்தத் தண்ணீரில் நின்றவள் அவள். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பனிக்குள் வீடு முழுசாக எழுந்து நின்றது. நான்கு படி, சிட்டவுட், இரண்டு கசேரி, திறந்த ஜன்னல்கள். எல்லாம் தெரிந்தது. வாசலில் தண்ணீர் வந்து நின்றது. வழிகேட்டு வந்த ஆள் கதவு அடைத்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நிற்பதுபோல நின்றது. பிறகு கீழே, புஷ்பபாய் வீட்டுப் பக்கம் நடந்தது.

வெயில் ஏறியது. வீடு கலைந்தது. சாராம்மா ஈரக் காலோடு காலனிக்குப் போனாள். புஷ்பபாய் புது அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"நிகத்தமாட்டேன்."

புஷ்பபாய் நிமிர்ந்து பார்த்தாள். "நேசமணி அண்ணன் சம்மதிச்சாவளா?"

"அவியளுக்கு இனிதான் சொல்லணும்."

அன்று மதியம் முதல்முறையாகக் கேசட்டின் ஒரு பக்கம் முழுதும் அவளே பேசினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாள். எதிரில் கடல் இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள். சதாசிவன் அழுதுவிட்டான். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தபோது எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

முதல் கமிட்டிக்கே போய், மாங்குழியில் இனி ஒரு லாரி மண்ணும் இறங்கக்கூடாது என்றாள். பஞ்சாயத்துக் கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "மெம்பரே, நிகத்துறது ஆர்.டி.ஓ.க்க காரியம். இஞ்ச நாம ஒண்ணும் செய்ய ஒக்காது." அவள் அதுவரை அறியாதது அது. வாக்குக் கேட்டுச் சொன்னதில் பாதி தன் கையில் இல்லை. தோடு வெட்டப் பஞ்சாயத்தால் முடியும், இடம் யாராவது கொடுத்தால். தன் வயலின் தெற்கு ஓரத்தை முழு நீளத்துக்கும் தருகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தாள். மீதி வழி ராஜையாவின் மதிலோரமாகப் போகவேண்டும்.

நேசமணியின் கேசட் பங்குனியில் வந்தது. இரைச்சல் நெடுநேரம் ஓடியது.

"சாராம்மா. நீ பேசினத ரெண்டு தடவ கேட்டேன். எனக்குக் கோவம் உண்டு. இல்லண்ணு சொல்லமாட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அந்த வீட்ட நினைச்சாக்கும் நான் இஞ்ச கெடக்கது." மறுபடி இரைச்சல். "மெம்பர் ஆயிட்டியாமே."

அவ்வளவுதான். பிறகு ஏழு மாதம் கேசட் வரவில்லை. அவள் பழைய கேசட்டுகளையும் போடவில்லை. பகலில் அடுப்படியில், கமிட்டியில், வழியில் நடக்கும்போதும் காதுக்குள் அந்த இரைச்சல் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

ஐப்பசியில் அவன் லீவில் வந்தான். மெலிந்திருந்தான். மகளோடு பேசினான், வந்தவர்களோடு பேசினான், சாராம்மாவிடம் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறந்தான். நான்காம் நாள் மழைக்கு நடுவே குடையெடுத்துக்கொண்டு ஏலாவுக்குப் போனான். திரும்பி வரும்போது வேட்டியெல்லாம் சேறு.

"ராஜையாக்க மதில பாத்தேன்" என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே. "மேலயிருந்து அஸ்திவாரம்வர வெடிப்பு. கைய உள்ள விடலாம். அடியில தண்ணி ஓடுத மண்ணு, நிக்காது."

சாராம்மா கஞ்சியை எடுத்து வைத்தாள்.

"நான் கட்டினாலும் வெடிச்சிருக்கும்" என்றான். பிறகு, "உப்பு கொறவு" என்றான். அவள் உப்பு கொண்டுவந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், வந்த பிறகு முதல்முறையாக.

ராஜையாவிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். மதில் இடிந்துவிடும் என்ற பயம் அவனுக்கும் வந்திருந்தது. நாலடி அகலத்துக்கு இடம் விட்டால் தண்ணீர் சுவரைவிட்டு ஒதுங்கும் என்று நேசமணி தரையில் கோடு கிழித்துக் காட்டினான். ராஜையா அந்தக் கோட்டைக் காலடியால் அளந்து பார்த்தான். "எடுத்துக்க மெம்பரே. தோத்தவன்கிட்ட இடமும் கேக்கிய" என்று சொல்லிச் சிரித்தான். அடுத்த கோடையில் தோடு வெட்டினார்கள். புஷ்பபாயும் கூலிக்கு நின்று மண் சுமந்தாள். ஏலாவின் மற்ற வயல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டுதான் இருந்தன. அதை அவளால் தடுக்க முடியவில்லை. ஆனால் அதன்பிறகு காலனிக்குள் தண்ணீர் ஏறவில்லை.

வீட்டைக் குடிசை நின்ற பழைய பத்து சென்டிலேயே கட்டினார்கள். மனை நீளமாக ஒடுங்கிக் கிடந்ததால் நேசமணி மேலே எழுப்பினான், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு. அதற்காக இன்னொரு முறை கடல் தாண்டிப் போய் வந்தான். தொண்ணூறில் பால் காய்ச்சினார்கள். காலையிலேயே தூறல். பாஸ்டர் நீளமாக ஜெபம் செய்தார். ராஜையா சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தான். அது பதினொன்று அடித்தபோது சாராம்மா பட்டுச்சேலையோடு குடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இண்ணைக்குமா?" என்றான் நேசமணி.

"கமிட்டியில காலனி ரோட்டுக்குத் தீர்மானம் உண்டு. நான் போகல்லண்ணா ஆள் தெகையாது. எல்லாருக்கும் சோறு போடுங்க, வாறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மழைக்குள் இறங்கிப் போனாள்.