சந்தனம் பூசிய மட்டை

என் கட்டடத்தின் மாடியில் டேபிள் டென்னிஸ் கிளப் நடக்கிறது. கீழே டீக்கடை, மேலே கிளப், பின்கட்டில் நான். முதன்முதலில் நான் மாடி ஏறியது ஆடுவதற்கு அல்ல, சண்டை போடுவதற்கு. மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் டக்கு டக்கு என்று சத்தம். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டல்ல. ஆனால் தறி ஒரே சீராக ஓடும். இது நாலு தட்டு தட்டிவிட்டு நின்றுபோகும். அடுத்தது எப்போது வரும் என்று காத்துக் கிடந்தே தூக்கம் போய்விடும்.

கிளப்பின் செக்ரட்டரி ஜவுளிக்கடை வைத்திருக்கும் தம்பி. என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "நீங்களும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க பெரியம்மா" என்று மட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்திருக்கக் கூடாது. அன்று பிடித்ததை நான் இன்னும் விடவில்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரதவீதியில் நடந்தால் அடிக்கு ஒருத்தி நிறுத்தி என் மருமகளைப் பற்றி விசாரிப்பாள். மாடியில் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு ஜோடி ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், பக்கத்துத் தெருக்காரி. என்னை மதினி என்பாள்.

வருஷத்துக்கு ஒரு தரம் புளியங்குடி கிளப்போடு பந்தயம் உண்டு. அவர்கள் தோற்றால் எங்களுக்கு ஒரு மூட்டை எலுமிச்சம்பழம். நாங்கள் தோற்றால் அவர்களுக்குப் பிரியாணி. சில வருஷமாகப் புளியங்குடிக்காரர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். இந்தத் தடவை டீச்சரோடு நான் இறங்குவதாகப் பேச்சு. என் மாடியில் நடக்கும் பந்தயத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டவா?

இறங்குகிறவளுக்குக் கிளப்பின் பொது மட்டை ஆகுமா? திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

மட்டை என்றால் முழுசாக ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டை தனி, ரப்பர் தனி என்பது கடையில்தான் தெரிந்தது. ரப்பருக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு இருக்கிறது. அது தோசைக் கனத்திலும் கிடைக்கிறது, ஊத்தப்பம் கனத்திலும் கிடைக்கிறது. கடைக்காரர் தோசையை எடுத்து வைத்தார்.

"இதுல நல்ல கண்ட்ரோல் இருக்கும்மா. பந்து சொன்ன பேச்சு கேக்கும். புதுசாப் பழகுதவங்களுக்கு இதைத்தான் குடுப்போம்."

"யாருக்கு?"

"பழகுதவங்களுக்கு."

"எழுவது வயசுக்கு மேல நான் என்னத்தப் பழகப் போறேன்? இருக்கதுலயே தடிச்சது எது?"

"அது டோர்னமெண்ட் ஆடுதவங்க போடுதது. லேசாத் தொட்டாலே பந்து ஓடிரும்மா."

"அதை எடும்."

அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தமிழையே நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அதுவோ சீனத்து எழுத்து. கத்தரிக்காய் பார்ப்பது போல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல பண்டம்தான் என்று முடிவு செய்து இரண்டு பக்கமும் அதையே ஒட்டி வாங்கி வந்தேன்.

மறுநாள் பந்து மேஜையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. டியூப் லைட்டில் பட்டது, செக்ரட்டரியின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. ஒன்று ஜன்னல் வழியே இறங்கி டீக்கடைப் பால் சட்டிக்குள் போய்விட்டது. டீக்கடைக்காரர் கரண்டியில் பந்தை ஏந்திக்கொண்டு மாடிக்கே வந்தார்.

"ஆடை படியுமுன்ன எடுத்துட்டேன் ஆச்சி. சீனி போடணுமா?"

டீச்சர் சுழற்றிப் போடும் சர்வீஸ் இன்னும் மோசம். அந்தச் சுழற்சியை என் ரப்பர் அப்படியே பிடித்து என் இடது காதுப் பக்கமாக அனுப்பிவிடும். கிளப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கட்டடக்காரியிடம் யார் சொல்வது? செக்ரட்டரிதான் மெல்ல ஆரம்பித்தார்.

"ரப்பருக்கு வேகம் கொஞ்சம் கூடுதலோ பெரியம்மா?"

"வேகம் எனக்குத் தம்பி. ரப்பர் அதுபாட்டுக்குச் சும்மா இருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, மறுநாளிலிருந்து அவர் டீச்சரோடு வேறொருத்தியை நிறுத்தி ஆடவிட்டார். கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்க்கும் பெண். "சும்மாதான் பெரியம்மா" என்றார். எந்தச் சும்மா என்பது எனக்குத் தெரியாதா? பெஞ்சு என்னைக் கூப்பிடுகிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தோசை ரப்பருக்காகத் திரும்பவும் திருநெல்வேலிக்குப் போய் அந்தக் கடைக்காரர் முன்னால் நிற்பதா? அதற்குப் பெஞ்சே மேல்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. கிளப்பில் மட்டைகளை எல்லாம் சாமி படத்துக்கு முன் அடுக்கினார்கள். சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. மற்றவர்களின் மட்டைக்குக் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்தேன். என்னுடையதற்குத்தான் அருள் கூடுதலாக வேண்டியிருந்தது. இரும்புப் பெட்டிக்குப் பூசுவது போல ரப்பரில் இரண்டு பக்கமும் வழித்துப் பூசினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துத் தொழில் செய்யாமல் விடக்கூடாது. காய்ந்த சந்தனத்தை முந்தானையால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆடினேன்.

டீச்சர் தன் சர்வீஸைப் போட்டாள். பந்து என் மட்டையில் பட்டது, மெதுவாக எழுந்தது, அவள் பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. ரப்பரின் பசை அடங்கிவிட்டதால் சுழற்சிக்குப் பிடிமானம் இல்லை. பந்தைப் போகச் சொன்ன இடத்துக்குப் போகவைப்பதுதான் ஆட்டம், ஓடவிடுவது ஆட்டம் இல்லை என்பது அன்றைக்கு என் கைக்குத் தெரிந்தது. சாமியின் அருளை வீணாக்கலாமா? தினமும் சாயங்காலம் ஒரு சிட்டிகை சந்தனம் பூசிக்கொண்டுதான் மாடி ஏறினேன். பந்தெல்லாம் மஞ்சளாயின.

"மதினி, உங்க எதுக்க நின்னு ஆடுனா வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போகணும் போல இருக்கு" என்றாள் டீச்சர். சொசைட்டிப் பெண்ணை நிறுத்துவது நின்றுபோனது.

பந்தயத்தன்று புளியங்குடி ஜோடியில் ஒருவர் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆடுவதற்கு முன் ஒருவர் மட்டையை மற்றவர் வாங்கிப் பார்ப்பது முறை. அவர் என் மட்டையைப் பார்த்தார், தடவினார், மோந்தும் பார்த்தார்.

"என்னம்மா, கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி மணக்கு?"

"ஆயுத பூஜைச் சந்தனம் அண்ணாச்சி."

"ஆயுத பூஜை முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு! இன்னுமா ஈரம் காயல?"

டீச்சர் இருமினாள். நான் விடவில்லை. "சாமிக்கு வச்சதைத் தொடைக்கச் சொல்லுதியளோ?"

அண்ணாச்சி ஷூவைக் கழற்றினார். மட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலால் கொஞ்சம் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"நான் கும்பிட்டாச்சு. இனி தொடைச்சிருங்க."

மாடியே சிரித்தது. செக்ரட்டரி ஈரத்துணி கொண்டுவந்து அவரே துடைத்தார். கை சூடாவதற்கு நாலு பந்து அடித்துப் பார்த்தேன். மூன்று ஜன்னல் பக்கம் போயின. ஒன்று அண்ணாச்சியின் நெற்றியில், சந்தனம் இட்ட இடத்திலேயே பட்டது. செக்ரட்டரி சொசைட்டிப் பெண்ணைப் பார்த்தார். அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

அப்போது டீச்சர் தன் பையைத் திறந்து இன்னொரு மட்டையை எடுத்தாள்.

"மதினி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். இது புதுசா வாங்குனேன். ரப்பர் ஒரே வெறைப்பா இருக்கு, என் மணிக்கட்டு தாங்கல. புதுச் செருப்பை வேற காலு ரெண்டு நாள் போட்டுப் பழக்கித் தரும்லா, அந்த மாதிரி இந்த ஒரு ஆட்டம் நீங்க ஆடித் தந்தியன்னா..."

வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். தோசை. திருநெல்வேலிக் கடையில் நான் வேண்டாம் என்று தள்ளிய அதே தோசை. டீச்சரைப் பார்த்தேன். அவள் டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கேக்க. சரி, குடு" என்றேன்.

நான் எதுவும் அடிக்கவில்லை. அவர்கள் ஓங்கி ஓங்கி அடித்தார்கள், நான் மட்டையைக் காட்டினேன். பந்து சொன்ன பேச்சு கேட்டது. பதமான இடம் கிடைத்தபோதெல்லாம் டீச்சர் முடித்து வைத்தாள். கடைசிப் பந்தை வலையில் விட்டுவிட்டு அண்ணாச்சி மூச்சு வாங்கினார்.

"என்னம்மா இது, எத்தனை அடிச்சாலும் செவுத்துல அடிச்ச மாதிரி திரும்பி வருது?"

"கட்டடம் என்னுது அண்ணாச்சி. செவுரு மட்டும் வேற யாருதா இருக்கும்?"

எங்கள் ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். எங்கள் கிளப் ஆம்பிளைகள் மற்ற ஆட்டங்களைத் தோற்று, வழக்கம்போல் பிரியாணி போட்டார்கள். ஆனாலும் மண்டி அண்ணாச்சி மறுநாள் பஸ்ஸில் எனக்கென்று ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

மட்டையை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பந்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள்.

"இன்னும் வெறைப்பு போகல மதினி. நீங்களே வச்சு ஆடுங்க."

அது இன்றுவரை பழகவில்லை. ஊத்தப்பம் சாமி படத்துக்குக் கீழே சந்தனத்தோடு இருக்கிறது.

எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டு ஒரு ஜாடி நிறைய டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"எதுக்கு மதினி இவ்வளவு?"

"எனக்கு இப்ப நாக்குல உப்பு தெரிய மாட்டேங்கு. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"உப்புப் பாக்க ஒரு ஜாடியா?"

"மெதுவாப் பாரு" என்றேன்.